32 டிகிரி சில ஊர்களில் 40-ஐ விடக் கொடுமையாக இருப்பது ஏன்?

கேள்வி:
வறண்ட பகுதியில் 40 டிகிரியில் வேலை செய்தவர்கள்கூட கடலோரத்தில் 32-க்கே தவிக்கிறார்கள். பிரிட்டனில் 28-ஐயே வெப்ப அலை என்கிறார்கள். இது மனப்பழக்கமா, உடல் வித்தியாசமா?

பதில் 1:
மனப்பழக்கம் மட்டுமில்லைங்க. வியர்வை வழிந்தால் போதாது, ஆவியானால்தான் உடல் குளிரும்; கடலோரம்போல் காற்றில் ஈரம் அதிகமானால் அது சரியாக ஆவியாகாது. 32 டிகிரியில் ஈரப்பதம் 75% என்றால் வெப்பக் குறியீடு (ஈரப்பதத்தையும் சேர்த்து உடல் உணரும் சூடு) ஏறக்குறைய 42. அதுவே 40 டிகிரி, 15% என்றால் 38தான். ஆனால் வறண்ட வெயிலை நம்பிவிடாதீர்கள். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. சிறுநீர் அடர்மஞ்சளானால் நீர் போதவில்லை.

பதில் 2:
அளவுகோலே இடத்துக்கு இடம் வேறு. இந்திய வானிலைத் துறை சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலையில் 30 டிகிரியைத் தொட்ட பிறகே வெப்ப அலையா என்று பார்க்கும். பிரிட்டனில் மாவட்டத்தைப் பொறுத்து 25 முதல் 28 வரை, தொடர்ந்து மூன்று நாள். அங்குள்ள வீடுகள் குளிருக்காகக் கட்டியவை. பெரும்பாலும் ஏசி கிடையாது, இரவிலும் சூடு இறங்காது. அதைக் கேலி செய்வது நியாயமே இல்லை.

பதில் 3:
உடல் பழக 7 முதல் 14 நாள் ஆகும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், இதயத்துடிப்பு தணியும். வெயில் வேலைக்குப் புதியவர் முதல் நாள் 20% நேரம் மட்டும் வெயிலில் இருந்து, தினமும் 20% கூட்டலாம். வேலையின்போது 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்தால் உடல் பழகாது; ஏற்கெனவே வந்த பழக்கமும் சில வாரங்களில் போய்விடும். அறை 40-ஐத் தாண்டினால் மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள், அது சூடான காற்றைத்தான் உடம்பின் மேல் அடிக்கும். தோலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே உடலைக் குளிர்வித்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.