ஃபுல்டன் கவுண்டிச் சிறையின் சுகாதாரக் கேடு: புதிய கட்டடம் கட்டினால் தீருமா?

கேள்வி: வடக்குவாசல்

வணக்கம். நான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஃபுல்டன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), அட்லாண்டாவுக்கு வடக்கே வசிக்கிறேன். இங்குள்ள நம்மவர்களில் பலரைப் போலவே, சொத்து வரி கட்டும்போது மட்டும் கவுண்டி நிர்வாகத்தை நினைத்துக்கொள்பவன்.

ரைஸ் தெருவிலுள்ள கவுண்டிச் சிறையைப் பலரும் அறிந்திருப்பீர்கள். 2023 ஆகஸ்டில் டிரம்ப்பின் கைதிப் புகைப்படம் எடுக்கப்பட்டது அங்கேதான். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னர், 2022 செப்டம்பரில், அந்தச் சிறையின் மனநலப் பிரிவில் 35 வயதுக் கைதி ஒருவர் உடலெங்கும் பூச்சிக் கடிகளோடு இறந்து கிடந்தார். அவர் தண்டனை பெற்றவர் அல்லர். சிறிய குற்றச்சாட்டு ஒன்றின்பேரில் விசாரணைக்காகக் காத்திருந்தவர். 2024 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை (நீதிமன்றமன்று, கூட்டாட்சி அரசின் Justice Department) வெளியிட்ட விசாரணை அறிக்கையில் உடைந்த கழிப்பறைகளிலிருந்து பெருகி நிற்கும் நீர், கரப்பான், எலி, பூட்ட முடியாத கதவுகள் என்று பக்கம் பக்கமாக வருகிறது.

இவ்வளவு வரி வருவாய் உள்ள ஒரு கவுண்டியால் ஒரு கட்டடத்தைச் சுத்தமாக வைத்திருக்க முடியாமற்போவது எப்படி? இதற்குப் பொறுப்பு சிறையை நடத்தும் ஷெரிஃபா, பணம் ஒதுக்கும் கவுண்டி ஆணையமா? புதிய சிறை கட்ட ஏறத்தாழ 200 கோடி டாலர் வரை ஆகும் என்று பேசப்பட்டதே, அதைக் கட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பதில் 1: குழாயடி

நான் சிறையில் பணிபுரிந்தவன் அல்லன். பெரிய கட்டடங்களின் குழாய், வடிகால் பராமரிப்பில் நெடுநாள் இருப்பவன். அந்த அளவில் சொல்கிறேன்.

அந்தச் சிறை 1989-இல் திறக்கப்பட்டபோது 1,125 பேருக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஓர் அறைக்கு ஒருவர் என்ற கணக்கு பிறகு இருவராகி, 2023 வாக்கில் மொத்தம் 3,000 பேரைத் தாண்டியது. படுக்கை கிடைக்காதவர்கள் படகு வடிவப் பிளாஸ்டிக் தொட்டிகளில் மெத்தையைப் போட்டுத் தரையில் படுத்தார்கள். அறைகளுக்குள் தண்ணீர் பெருகும் ஒரு கட்டடத்தில் தரையில் படுப்பது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. சிறை அறைகளில் கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் சேர்ந்து ஒரே எஃகுத் துண்டாகச் சுவரோடு பொருத்தப்பட்டிருக்கும். அதன் குழாய்கள் சுவருக்குப் பின்னால், பணியாளர் மட்டுமே நுழையக்கூடிய குறுகிய இடைவெளியில் ஓடும். ஒருவர் பயன்படுத்த வேண்டிய அந்தக் குழாயை இருவரும் மூவரும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் அடைப்பும் கசிவும் வராமல் இருந்தால்தான் வியப்பு.

அதைவிடப் பெரிய சிக்கல், பழுதுபார்ப்பதற்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது. மூட்டைப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தடித்தால் மட்டும் அது ஒழியாது. வளர்ந்த பூச்சி இரத்தமின்றியே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மெத்தைத் தையலிலும் சுவர் வெடிப்பிலும் முட்டையிடும். முறையாக ஒழிப்பதென்றால் அறையை முழுவதுமாகக் காலி செய்து, 50 பாகை செல்சியசுக்கு மேல் மணிக்கணக்கில் சூடேற்றி, துணிமணிகள் அனைத்தையும் வெந்நீரில் துவைத்து, மெத்தைகளை மாற்றி, சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். கைதிகளை மாற்றி வைக்க வேறு இடமே இல்லாத சிறையில் இதில் எதைச் செய்ய முடியும்? ஒரு பகுதியில் மருந்தடித்து முடிப்பதற்குள் அடுத்த பகுதியிலிருந்து மூட்டையும் முடிச்சுமாகப் பூச்சி திரும்பி வந்துவிடும். அந்தக் கைதியின் மரணத்திற்குப் பிறகு பூச்சி ஒழிப்பு உள்ளிட்ட அவசரப் பணிகளுக்கு 5 லட்சம் டாலர் ஒதுக்குவதாக ஷெரிஃப் அலுவலகம் அறிவித்தது. அந்தப் பணத்தால் மருந்து வாங்கலாம். காலி அறை வாங்க முடியாது.

எனவே புதிய கட்டடம் வேண்டும் என்பதே என் கட்சி. இன்றுள்ள நிலையில் அங்கே செய்யப்படும் ஒவ்வொரு பழுதுபார்ப்பும் ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாட்டுகிற வேலைதான்.

பதில் 2: இரண்டாம்சாட்சி

குழாயடி அவர்கள் சொன்ன காரணங்கள் சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். ஜார்ஜியாவில் ஷெரிஃப் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரி. கவுண்டி ஆணையம் அவருக்கு மேலதிகாரி அன்று. சிறையை நடத்துவதும் காவலர்களை நியமிப்பதும் ஷெரிஃபின் வேலை. கட்டடமும் அதற்கான பணமும் ஆணையத்தின் கையில். பூட்டு உடைந்தால் பணம் தரவில்லை என்று ஷெரிஃப் சொல்வார். தந்த பணத்தை என்ன செய்தீர்கள் என்று ஆணையம் கேட்கும். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம்.

இனி வரலாறு. இதே சிறையின் நெரிசல், காவலர் பற்றாக்குறை, சுகாதாரக் கேடு ஆகியவற்றுக்காக 2004-இல் வழக்குத் தொடரப்பட்டு, 2006-இல் இருதரப்பு ஒப்புதலோடு கூட்டாட்சி நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. நீதிமன்றத்தின் மேற்பார்வை 2015 வரை நீடித்தது. அது முடிந்து பத்தாண்டு ஆவதற்குள், 2025 ஜனவரியில், நீதித்துறையோடு மீண்டும் ஓர் ஒப்புதல் ஆணைக்குக் கவுண்டி உடன்பட்டு, சுதந்திரமான கண்காணிப்பாளர் ஒருவரை ஏற்க வேண்டிய நிலைக்கு வந்தது. யாராவது மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, பார்வை விலகியதும் நின்றுவிடுகிறது என்பதைத் தவிர இதை வேறெப்படிப் புரிந்துகொள்வது? 1989-இல் அந்தக் கட்டடமும் புதிதாகத்தான் இருந்தது.

அங்கிருப்போரில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். பிணைத்தொகை கட்ட வழியில்லாதவர்கள் பலர், மனநலச் சிகிச்சை தேவைப்படுவோர் பலர். நீதித்துறை அறிக்கையில் என்னை உலுக்கியது வேறொரு செய்தி. அந்த மரணத்தைத் தொடர்ந்து அதே மனநலப் பிரிவில் சோதித்தபோது, அங்கிருந்த அனைவருக்கும் பேனோ சொறியோ அல்லது இரண்டுமோ இருந்தன. 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கடுமையாக மெலிந்து ஊட்டச்சத்துக் குறைவோடு இருந்தனர். மெலிந்து போவதற்குக் கழிவுநீர்க் குழாய் காரணமில்லை. கதவைத் திறந்து ஆளைப் பார்த்து, சாப்பிட்டாரா, குளித்தாரா என்று கேட்கப் போதிய காவலர் இல்லாததே காரணம். புதிய கட்டடம் அந்தக் காவலரைக் கொண்டுவராது.

பதில் 3: எதிர்வெயில்

இரக்கத்தில் ஒன்றை மறந்துவிடுகிறோம். சிறைகளில் கழிப்பறைக்குள் போர்வையைத் திணித்து வெள்ளம் உண்டாக்குவோரும் கைதிகள்தாம். இந்தச் சிறையில் சுவரையும் குழாயையும் பெயர்த்துக் கூராக்கிக் கத்தி செய்கிறார்கள் என்று அதிகாரிகளே சொல்லியிருக்கிறார்கள். வரி கட்டுபவர் எத்தனை முறை பூட்டு மாற்றித் தருவது?

பதில் 4: குழாயடி

எதிர்வெயில், நீங்கள் சொல்வது நடப்பதுதான். ஆனால் பெயர்த்தெடுக்கும்படி சுவர் ஏன் இருக்கிறது என்று பாருங்கள். உறுதியான சுவரைக் கையால் பெயர்க்க முடியாது. ஈரம் ஊறி உளுத்த சுவரைத்தான் பெயர்க்கலாம். தன் அறைக்கதவு பூட்டாது, இரவில் எவரும் உள்ளே வரலாம் என்று அஞ்சுபவர் ஆயுதம் தேடுவார். கசிவை முதல் வாரத்திலேயே அடைத்திருந்தால் கத்திக்கான இரும்பு அவர் கைக்கு வந்திருக்காது. வெள்ளம் உண்டாக்குவதைத் தடுக்க, அறைக்கு வெளியிலிருந்தே தண்ணீரை நிறுத்தும் வால்வுகளும் திணித்த துணியைப் பிடித்து நிறுத்தும் கொக்கிகளும் சிறைக் கட்டடங்களில் வழக்கமானவை. அவை வேலை செய்கின்றனவா என்று ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

வடக்குவாசல்

அனைவருக்கும் நன்றி. ஆணையம் 2024-இல் புதிய சிறைத் திட்டத்தைக் கைவிட்டு, இருப்பதைச் சீரமைக்கும் பக்கம் வாக்களித்ததாகப் படித்தேன். அப்படியானால், பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று என்னைப் போன்ற வெளியாள் பார்க்க வழி உண்டா?

பதில் 5: இரண்டாம்சாட்சி

உண்டு. ஜார்ஜியாவின் பொது ஆவணச் சட்டப்படி, பராமரிப்பு வேலை ஆணைகளையும் பூச்சி ஒழிப்பு ஒப்பந்தத்தையும் கேட்டு நீங்கள் விண்ணப்பிக்கலாம். 3 வேலை நாட்களுக்குள் அவர்கள் ஏதேனும் பதில் சொல்லியாக வேண்டும். "சிறையின் நிலை" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இன்ன மாதத்தில் பதிவான கழிப்பறைப் பழுதுகள், அவை சரிசெய்யப்பட்ட தேதிகள் என்று கேளுங்கள். பழுது பதிவான நாளுக்கும் சரியான நாளுக்கும் உள்ள இடைவெளி, எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகப் பேசும்.

மற்றொன்று பலருக்குத் தெரியாதது. கவுண்டிச் சிறையின் சுகாதார நிலையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிராண்ட் ஜூரி என்னும் குடிமக்கள் குழு நேரில் சென்று பார்வையிட்டுப் பரிந்துரை வழங்க வேண்டும் என்று இந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. அந்த ஜூரியில் அமர்வோர் நம்மைப் போன்ற குடிமக்களே. குடியுரிமை பெற்றவராயின் உங்களுக்கும் அந்த அழைப்பு வரலாம். வந்தால், வேலையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்காமல் போய்வாருங்கள். வரவேற்பறையைச் சுற்றிக் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள். மனநலப் பிரிவையும் குழாய்கள் ஓடும் பின்புற இடைவெளியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.