மறு: ட்ரியேஜ் – 'முன்பின் பிரிப்பு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. சென்னையில் ஆம்புலன்ஸ் பணிக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கானது. விபத்து நடந்த இடத்தில் பத்துப் பேர் கிடக்கிறார்கள், வந்திருப்பது ஒரே வண்டி. யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'ட்ரியேஜ்' என்று பெயர். தமிழில் இன்னும் நம்மிடம் பெயர் இல்லை.

ஐயா, நீங்கள் சொன்ன 'முப்பிரிப்பு' வேண்டாம். ட்ரியேஜில் மூன்று என்ற எண்ணே கிடையாது. 'ட்ரியே' என்ற பிரெஞ்சு வினைக்குப் பிரித்தெடுத்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் கம்பளியைத் தரம் பிரிப்பதற்குத்தான் வழங்கியது. காயம்பட்டவர்களுக்குக் கட்டும் பட்டையின் நிறங்களும் நான்கு: சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்), மஞ்சள், பச்சை, கறுப்பு. ஆனால் நீங்கள் காட்டிய 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' மிகப் பொருத்தம். கையேட்டின் முதல் பக்கத்தில் அந்தக் குறளைப் போடுகிறேன்.

'தரப்படுத்தல்' எனக்குப் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்து அக்காவின் மடலைப் படித்தபின் மனம் ஒப்பவில்லை. 1970களில் இலங்கையில் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட பல்கலைக்கழக அனுமதி முறைக்குப் பெயர் தரப்படுத்தல். அதைக் கண்டவர்களுக்கு அது ஆறாத காயம். நம் வசதிக்காக அதை எடுக்க வேண்டாம்.

அண்ணனின் 'தெள்ளல்' அழகு. புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல் என்று ஒரு முறத்துக்கே இத்தனை வினை வைத்திருக்கிறோம். ஆனால் முறத்திலிருந்து பதர் வெளியே போய்விடும். இங்கே யாரும் பதர் இல்லை அண்ணா. மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வராதவருக்குக் கறுப்புப் பட்டை கட்ட வேண்டும். கட்டுகிற பிள்ளைக்கு இருபது வயதுதான் இருக்கும். அந்தக் கைக்கு இந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நாங்கள் சொல்லித்தருவது 1983இல் கலிஃபோர்னியாவில் உருவான 'ஸ்டார்ட்' முறை. நடக்க முடிந்தவர்கள் ஒதுங்கி வாருங்கள் என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும். அப்புறம் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டுகிறதா, நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா, சொன்னதைச் செய்கிறாரா? இந்த அவசரத்தில் தானாக வாயில் வரும் சொல்தான் வேண்டும். வகுப்பில் விளக்கியபோது ஒரு பெண் கேட்டாள்: "யார் முன்னே, யார் பின்னேன்னு பிரிக்கணும், அதானே மேடம்?" 'முன்பின் பிரிப்பு' அவள் வாயிலிருந்து வந்ததுதான்.

'முன்பின் தெரியாதவர்' நினைவுக்கு வரும், குழப்பும் என்கிறார் ஐயா. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பவில்லை: "முன்பின் பிரிப்பு முடிந்தது, சிவப்பு மூன்று பேர்."

இதுவரை ஆறு பேர் 'முன்பின் பிரிப்பு'க்கு ஆதரவு, நான்கு பேர் 'தரம்பிரிப்பு'க்கு. வியாழன் இரவு வரை பார்க்கிறேன். அடைப்புக்குறிக்குள் ட்ரியேஜும் இருக்கும். மருத்துவமனை வாசலில் டாக்டர் கேட்கப்போவது அதைத்தான். ஐயா, உங்கள் மறுப்பு அப்படியே நிற்கிறது, அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி பேசுவோம்.