ஆகஸ்ட் 4 வியான்னி திருவிழா: இளையோருக்கு ஒரு மணி நேர மௌன செபம் எப்படி நடத்துவது?

கீழத்தெருக்காரன் கேட்டது:

ஆகஸ்ட் 4 மாலை, பிரான்சின் ஆர்ஸ் ஊரில் பங்குக் குருவாக இருந்த புனித ஜான் மரிய வியான்னியின் திருவிழா அன்று, பங்கு இளையோர் 25 பேருக்கு ஒரு மணி நேரம் மௌன செபம் வைக்கலாம் என்று திட்டம். இதுவரை ஆராதனை என்றால் பாட்டு, மைக், மன்றாட்டு என்றுதான் பழக்கம். நடுவில் மூன்று நிமிடம் அமைதி விட்டாலே பின்பெஞ்சில் போன் வெளிச்சம் தெரியும். கதிர்பாத்திரம் (நற்கருணையை எல்லாரும் பார்க்கும்படி வெளியே வைக்கும் பாத்திரம்) வைக்க வேண்டுமா, நற்கருணையை உள்ளே வைத்திருக்கும் பேழை முன்பாகவே உட்காரலாமா? நேரத்தை எப்படிப் பிரிப்பது? வியான்னி நவநாள் செபத்தை இதற்குள்ளேயே சேர்த்துவிடலாமா? "நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்" என்ற வியான்னியின் வாக்கை பேனரில் போடப் போகிறோம். சரிதானே?

பேழைவிளக்கு:

கதிர்பாத்திரமா, பேழையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. நற்கருணையைக் கதிர்பாத்திரத்தில் வைத்தால் அதற்கென்று சடங்குமுறை உண்டு: பாட்டு, தூபம், இறைவார்த்தை, மௌனம், முடிவில் ஆசீர். ஆசீர் கொடுக்கக் குருவோ திருத்தொண்டரோ வேண்டும். அவர்கள் இல்லாதபோது நியமனம் பெற்ற நற்கருணைப் பணியாளர் எடுத்து வைக்கலாம், திரும்ப உள்ளே வைக்கலாம். ஆசீர் மட்டும் கிடையாது. வைத்த பிறகு ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் விடக்கூடாது. பேழை முன் செபிக்க இது எதுவும் தேவையில்லை. கோயில் கதவு திறந்திருந்து, அணையாவிளக்கு எரிந்தால் போதும். முதல் தடவை, நோக்கமும் மௌனம் என்றால் பேழையே போதும் என்பேன். கதிர்பாத்திரத்தைப் பார்த்ததுமே நம் பிள்ளைகள் அடுத்த பாட்டு எப்போது என்று காத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் அவ்வளவு ஊறியிருக்கிறது.

ஒரு மணி நேரமும் மௌனம் என்று வைக்காதீர்கள். ஒரு பாட்டு, 5 நிமிடம், எல்லாருக்கும் மனப்பாடமானது, கீபோர்டு இல்லாமல். யோவான் 1:35-39 மெதுவாக இரண்டு முறை, 4 நிமிடம். பிறகு 12 நிமிடம் மௌனம். வியான்னியின் மறைக்கல்வி உரையிலிருந்து ஒரு பத்தி, 3 நிமிடம். மறுபடி 18 நிமிடம் மௌனம். திருப்பாடல் 131, மூன்றே வசனம், 2 நிமிடம். 10 நிமிடம் மௌனம். கடைசி 5 நிமிடத்தில் ஆண்டவர் கற்பித்த செபமும் முடிவுப் பாட்டும். கூட்டினால் 59 வரும். மிச்சமிருக்கும் ஒரு நிமிடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமதமாக வருபவருக்கு.

நடுமௌனம்தான் நீளமாக இருக்க வேண்டும். முதல் 12 நிமிடம் உடம்பு அடங்குவதற்கே போய்விடும். கடைசிப் பகுதியில் கால் மரத்து மணி பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு மௌனத்துக்கும் முன்னால் "இனி 12 நிமிடம்" என்று எண்ணைச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாத அமைதியில்தான் ஆட்கள் நெளிவார்கள், போனை எடுப்பார்கள்.

கெடுப்பது பெரும்பாலும் நடத்துபவர்தான். மூன்றாவது நிமிடத்தில் "இப்போது உங்கள் கவலைகளை ஆண்டவரின் பாதத்தில் வையுங்கள்" என்று மைக்கில் ஆரம்பித்துவிடுவார். அதோடு அந்த மௌனம் முடிந்தது. மைக்கை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரையும் அணைக்கச் சொல்லுங்கள்; அதன் 'ம்ம்ம்' ஓசை அமைதியில்தான் கேட்கும். வாசகர் முதல் பெஞ்சிலிருந்து வெறும் குரலில் வாசித்தால் 25 பேருக்கும் கேட்கும். எல்லாரையும் முதல் நான்கு வரிசைக்குள் உட்கார வைத்துவிட்டால் பின்பெஞ்சு என்ற பிரச்சினையே இல்லை. மணி முழுக்க முழந்தாள்படியிட வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும், பிறகு உட்காரலாம்.

பழைய உபதேசியார்:

பேனரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு திருத்தம். அந்த வாக்கு வியான்னியுடையது அல்ல. ஆர்ஸ் ஊரில் அவர் காலத்தில் இருந்த ஒரு விவசாயியுடையது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2715-ஆம் எண்ணில், ஆழ்நிலை செபம் பற்றிய பகுதியில், ஆர்ஸ் ஊர் விவசாயி ஒருவர் பேழை முன் செபிக்கும்போது சொன்னதாகவே அது வருகிறது. வேலைக் கருவிகளைக் கோயில் வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய், உதடு அசையாமல் பேழையைப் பார்த்துக்கொண்டு உட்காருவார் என்பது மரபுவழிச் செய்தி. வியான்னி அதை வியந்து மற்றவர்களுக்குச் சொன்னார். பேனரில் "ஆர்ஸ் ஊர் விவசாயி" என்று போடுங்கள். பங்குத்தந்தையின் பெருமை இதனால் குறையாது. செபிக்கத் தெரிந்த ஒரு விவசாயி அவருடைய பங்கில் இருந்தார் என்பது கூடுதல் பெருமைதான்.

"ஆர்ஸ் நகர்" என்று எழுதுவதையும் விடலாம். 1818 பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கே சுமார் 230 பேர். பிரெஞ்சுப் புரட்சியில் வழிபாடு அறுந்துபோய், ஞாயிறு என்பது வயல் வேலைக்கும் சாராயக்கடைக்கும் நடனத்துக்கும் என்று ஆகியிருந்த சிற்றூர். அவரே புரட்சிக் காலத்துப் பிள்ளை: 1786 மே 8-இல் லியோன் அருகே தார்தில்லியில் பிறந்தார், 1799-இல் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியது ஒரு வீட்டுக்குள் மறைவாக. லத்தீன் வராமல் குருமடத்தில் தடுமாறி, 1815 ஆகஸ்ட் 13-இல் கிரனோபிளில் குருப்பட்டம் பெற்றார். இந்த ஆண்டுகளை அறிமுகத்தில் அடுக்க வேண்டாம், இரண்டு வரி போதும். மௌன செபத்துக்கு முன்னால் பதினைந்து நிமிட வரலாற்று உரை வைத்தால் அந்த மாலை உரையோடு போய்விடும்.

அறிமுகத்தில் சொல்லத் தகுந்தது வேறு ஒன்று. வியான்னிக்கு மௌனம் கிடைக்கவே இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் விடியுமுன் கோயிலுக்குப் போய்ப் பேழை முன் மணிக்கணக்கில் இருந்தார். ஊர் தேடி வர ஆரம்பித்த பிறகு நள்ளிரவு தாண்டியதும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார வேண்டியதாயிற்று. சில நாள் 16 மணி நேரம் வரை. தனிமையில் செபித்துக் கிடக்க வேண்டும் என்று ஊரை விட்டுக் கிளம்பியே போனார், 1843-இலும் 1853-இலும். இரண்டு முறையும் திரும்ப வந்தார். 1859 ஆகஸ்ட் 4-இல், 73 வயதில், அந்த ஊரிலேயே இறந்தார். நேரம் கிடைத்தால் செபிப்பேன் என்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும், உறுத்தவும் செய்யும்.

இன்னொன்று: 1925 மே 31-இல் புனிதர் பட்டம், 1929-இல் பங்குக் குருக்களின் பாதுகாவலர், இரண்டும் பதினோராம் பத்திநாதர் செய்தது. 2009-இல் "அனைத்துக் குருக்களின் பாதுகாவலர்" ஆக்கப்படுவார் என்று செய்தி வந்ததால் பலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள். குருக்கள் ஆண்டு 2010-இல் முடிந்தபோது அந்த அறிவிப்பு வரவில்லை.

நவநாள் பற்றி: ஜூலை 26-இல் தொடங்கினால் ஆகஸ்ட் 3-இல் ஒன்பது நாள் முடியும். கதிர்பாத்திரம் வைத்திருக்கும் நேரத்துக்குள் அதைச் சொருகாதீர்கள். நற்கருணை வெளியே இருக்கும்போது புனிதர்களுக்கான பக்தி முயற்சிகளைக் கலக்காமல் இருக்க மக்களைப் பழக்க வேண்டும் என்று 2001-இல் உரோமை வெளியிட்ட பொதுமக்கள் பக்தி பற்றிய வழிகாட்டி சொல்கிறது. ஆராதனை இறைவனுக்கு, வணக்கம் புனிதருக்கு என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்ததை அந்த ஒரு மணி நேரத்தில் குழப்ப வேண்டாம். சுரூபத்துக்கு மாலை, நவநாள் செபம், புனிதரின் மன்றாட்டுமாலை எல்லாம் திருப்பலி முடிந்ததும் சுரூபத்தின் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பேழை முன்பு மட்டும் என்றால் இவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனாலும் பிரித்து வைத்தால் நல்லது.

கீழத்தெருக்காரன்:

நன்றி. பேனர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, தப்பித்தோம். பேழை முன்பாகவே வைக்கிறோம். இன்னும் இரண்டு: மெல்லிய பின்னணி இசை மட்டும் போடலாமா என்று குழுவில் கேட்கிறார்கள். அதே நேரத்தில் ஒப்புரவுக்கும் (பாவசங்கீர்த்தனத்துக்கும்) ஃபாதரை உட்காரச் சொல்லலாமா?

பேழைவிளக்கு:

இசை வேண்டாம். வந்தால் மனது ராகத்தின் பின்னால் போகும், நின்றால் "ஏதோ முடிந்துவிட்டது" என்று தோன்றும். இசை இல்லாமல் இருக்கவே முடியாது என்றால் மௌனத்தின் நீளத்தைக் குறையுங்கள். 12-ஐ 8 ஆக்குங்கள்.

ஒப்புரவு வைக்கலாம், வியான்னி திருவிழாவுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆனால் தொட்டி பேழைக்குப் பக்கத்தில் இருந்தால் முணுமுணுப்பு கேட்கும், காத்திருப்பவர்களின் நடமாட்டமும் தெரியும். பின்பக்கத்திலோ பக்கவாட்டு அறையிலோ வையுங்கள். "முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக" என்று வரிசை போடாதீர்கள். 25 பேரும் தங்கள் முறை எப்போது என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். விரும்புகிறவர் எழுந்து போகட்டும். ஃபாதரும் மணி முடிந்த பிறகு இன்னும் அரைமணி இருக்கட்டும்.

நற்கருணை முன் குறைந்தது அரைமணி நேரம் ஆராதித்தால் வழக்கமான நிபந்தனைகளோடு பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஒப்புரவு, நற்கருணை வாங்குதல், திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம், எந்தப் பாவத்தின் மீதும் பற்றில்லாத மனநிலை. சொன்னால் ஒப்புரவுக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும்.

தென்னங்கீற்று:

எல்லாரும் ஏற்பாட்டையே பேசுகிறார்கள். அந்த 40 நிமிட மௌனத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வது என்று ஒரு துண்டுச்சீட்டில் போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் செபமாலையை வேகமாக உருட்டி முடித்துவிட்டு மீதி நேரம் மின்விசிறியை எண்ணுவார்கள்.

சீட்டில் இவ்வளவு போதும்: நேராக உட்கார், முதுகு சாயலாம், கால் இரண்டும் தரையில். கண் பேழையில், மூடினால் தூக்கம் வரும். வாசகத்திலிருந்து ஒரே ஒரு சொற்றொடரை எடுத்துக்கொள். அன்றைய வாசகத்தில் "என்ன தேடுகிறீர்கள்?" இருக்கிறது, அதுவே போதும். அதை மந்திரம்போல ஓயாமல் சொல்லாதே. ஒருமுறை சொல், விடு. மனம் அலைந்தால் மறுபடி ஒருமுறை.

பராக்கு, அதாவது மனம் சிதறுவது பற்றித் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் எல்லாரும் தோற்பது அங்கேதான். "பராக்கில்லாமல் செபிக்க வேண்டும்" என்று சிறுவயதில் கேட்டதால், பராக்கு வந்ததும் அதை விரட்டுவதிலேயே அரைமணி போகும். பராக்குகளைத் துரத்திக்கொண்டு போவதே அவற்றின் கண்ணியில் விழுவது. இதயத்துக்குத் திரும்பினால் போதும் என்று மறைக்கல்வி நூல் 2729 சொல்கிறது. அதே பராக்கு நாலு தடவை வந்தால், மனம் எதில் ஒட்டிக்கிடக்கிறது என்று காட்டுகிறது. அதையே ஆண்டவரிடம் சொல்லிவிடலாம். தேர்வா, வேலையா, சண்டையா, எதுவானாலும்.

"ஒன்றும் உணரவில்லை" என்று முடிவில் சிலர் சொல்வார்கள். வறட்சி என்று அதற்குப் பெயர், 2731-இல் இருக்கிறது. உணர்வு வந்ததா என்று யாரையும் கேட்காதீர்கள். முடிந்ததும் "அனுபவப் பகிர்வு" வைத்து மைக்கைக் கையில் கொடுப்பதையும் தவிருங்கள். அடுத்த முறை பாதிப் பேர் பகிர்வதற்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தே அந்த நேரத்தைக் கழிப்பார்கள். மூச்சுப் பயிற்சி, மன அமைதி என்று விளம்பரம் செய்யாதீர்கள். அமைதி கிடைத்தால் நல்லது. ஆனால் அங்கே உட்காருவது எதிரில் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக.

வியான்னி உரைக்கு, ஆகஸ்ட் 4 திருப்புகழ்மாலையில் (திருச்சபையின் அன்றாட செப நூலில்) இரண்டாம் வாசகமாக வருவதையே எடுங்கள். மனிதனின் அழகான கடமை செபிப்பதும் அன்பு செய்வதும் என்கிறார். செபத்தில் கடவுளும் ஆன்மாவும் ஒன்றாக உருகிய இரண்டு மெழுகுத்துண்டுகள்போல என்கிறார். ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கழன்றுகொள்கிறேன் என்று கடவுளிடம் சொல்வதுபோல் வருகிறவர்களும் உண்டு என்ற கிண்டலும் அதில் இருக்கிறது, இளையோர் சிரிப்பார்கள். முழுதும் வாசித்தால் 3 நிமிடத்தைத் தாண்டும், மெழுகுப் பகுதியையும் இந்தக் கிண்டலையும் மட்டும் வாசியுங்கள்.

அவருடைய தவமுயற்சிகளை மட்டும் சீட்டில் போடாதீர்கள். ஒரு வாரத்துக்கு உருளைக்கிழங்கு அவித்து வைத்துப் பூஞ்சை பிடித்த பிறகும் தின்றது, தூக்கம் குறைத்தது எல்லாம் உண்மைதான். பிற்காலத்தில் அவரே அதை இளமைக்கால அசட்டுத்தனம் என்றார். யாராவது வீட்டில் தொடர விரும்பினால் தினம் 10 நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். ஒரு மாதம் நின்ற பிறகு 15 ஆக்கலாம். எடுத்த எடுப்பில் அரைமணி என்று ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பழைய உபதேசியார்:

சீட்டு யோசனை நல்லது, அரைப்பக்கம் தாண்ட வேண்டாம். கோயில்பிள்ளையிடம் இரண்டு விஷயம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்: அந்த ஒரு மணி நேரத்துக்குள் மூவேளைச் செப மணி வருகிறதா என்று பார்க்க வேண்டும், முன்வரிசை மின்விசிறி சத்தம் போடுகிறதென்றால் எண்ணெய் விட வேண்டும்.