புதுக் கண்ணாடிக்குப் ‘பழகல்’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தினருக்கு, வணக்கம்.

பவர் மாறிய புதுக் கண்ணாடியை அணிந்தவருக்கு முதல் சில நாள்கள் இருக்கும் தடுமாற்றம் மெல்லத் தணிந்து பார்வை இயல்பாகிறதே, அந்நிகழ்வுக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற வினாவுக்கு இதுவரை ‘ஏற்பமைவு’, ‘தகவமைப்பு’, ‘இசைவாக்கம்’ என மூன்று விடைகள் வந்துள்ளன. மூன்றும் நல்ல சொற்களே. ஆனால் மூன்றும் ஏற்கெனவே வேறு பொறுப்பில் அமர்ந்துவிட்டவை என்பதால் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

அருகிலும் தொலைவிலும் உள்ள பொருள்களுக்கு ஏற்ப விழிலென்சின் வளைவு மாறும் திறனைத் தமிழகப் பாடநூல்கள் ஏற்பமைவு என்கின்றன. அத்திறன் வயதோடு குறைவதைத்தான் நம் முன்னோர் ‘வெள்ளெழுத்து’ என்று அழகாகச் சொன்னார்கள். ஏற்பமைவு ஒரு நொடிக்குள் தசை செய்து முடிக்கும் வேலை. நாம் பெயர் தேடுவதோ நாள்கணக்கில் மூளைக்குள் நடப்பது. தமிழகத்தார் தகவமைப்பு என்பதையும் ஈழத்தார் இசைவாக்கம் என்பதையும் உயிரியலில் கையாளுகின்றனர். கள்ளி இலையைத் துறந்து முள்ளைப் பெற்றதற்கு உரிய சொல்லை, ஒரு வாரத்தில் முடியும் செய்திக்கு இறக்குவது பொருந்துமா என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று விரித்தால் சொல் தானே தெளியும். கிட்டப்பார்வைக்கான லென்ஸ் உருவத்தைச் சிறிதாக்குகிறது. மைனஸ் 5 பவர் லென்ஸ் விழிக்கு 12 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால் உருவம் ஏறக்குறைய 6 விழுக்காடு சிறுக்கும். மேலும், லென்சின் மையத்தை விட்டு விலகி நோக்கும்போது அது ஒரு பட்டகம் (பிரிசம்) போல நடந்துகொண்டு காட்சியை இடம்பெயர்க்கும். மைனஸ் 4 லென்சில் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே நோக்கினால், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருள் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே இருப்பதாகத் தோன்றும். “தரை எழும்பி வருகிறது” என்று பலர் முறையிடுவது இதனால்தான்; அது மனமயக்கமன்று. உருளைத்திறன் (சிலிண்டர் பவர்) சேர்ந்த லென்சாக இருந்தால், ஒரு திசையில் மட்டும் உருவம் நீள்வதால் கதவு நிலையும் சாய்ந்து நிற்பதாகத் தெரியும்.

இவற்றைவிட நுட்பமானது ஒன்றுண்டு. நாம் தலையைத் திருப்பும்போது காட்சி கலையாமல் இருப்பதற்காக, உட்செவியின் குறிப்பைக் கொண்டு விழிகள் எதிர்த்திசையில் அதற்கேற்ற அளவு திரும்புகின்றன. லென்ஸ் உருவத்தின் அளவை மாற்றியதும் அந்தக் கணக்கு பிசகி, தலையசைவுக்கெல்லாம் உலகமும் அசைவதாகத் தோன்றுகிறது. மூளை அந்த விகிதத்தைத் திருத்திக்கொள்ளும் வரை தலைசுற்றல் இருக்கும். மூளையின் இத்திறன் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று: 1890களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர், உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸ் அமைப்பை எட்டு நாள்கள் அணிந்து நடமாடிப் பார்த்தார்; நாள் செல்லச் செல்லத் தடுமாற்றம் குறைந்தது.

ஆக, இங்கே கண் மாறவில்லை, கண்ணாடியும் மாறவில்லை. பார்த்தல் என்னும் வினை புதிதாகக் கற்கப்படுகிறது. பயிற்சியால் உடலில் ஊறும் இத்தகைய கல்விக்குத் தமிழில் ‘பழகு’ என்ற வினை காலங்காலமாக உள்ளது. கைப்பழக்கம், நாப்பழக்கம் என்கிறோம். கண்ணாடி வாங்கியவரும் “இன்னும் கண் பழகவில்லை” என்றே சொல்கிறார். பேச்சில் ‘செட் ஆகவில்லை’ என்பது ஓங்கி நின்றாலும், பழகுதல் அழிந்துவிடவில்லை. ஆகவே ‘பார்வைப் பழகல்’ என்பதை முன்மொழிகிறேன். ‘பழக்கம்’ என்று முடித்தால் வெற்றிலை, புகையிலை வரிசையில் போய் நின்றுவிடும். ‘பழகல்’ நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டும். ‘கண்’ என்னாமல் ‘பார்வை’ என்றதும், வேலை மூளையினுடையது என்பதற்காகவே.

இவ்வேரிலிருந்து கிளைகளும் எளிதில் கிடைக்கும். பழகும் காலம் ‘பழகுநாள்கள்’. பெரும்பாலோர்க்கு இது சில நாள்களிலிருந்து இரண்டு வாரம் வரை. எவ்வளவு முயன்றும் பழகாத நிலை ‘பழகாமை’. இதற்கு ‘கண்ணாடி ஒவ்வாமை’ என்று எழுதிய நண்பர் பொறுத்தருள வேண்டும்: சட்டகத்திலுள்ள நிக்கல் பட்டு மூக்கும் காதோரமும் சிவந்து அரிப்பதைத்தான் படிப்பவர் நினைப்பார்.

‘பழகாமை’யோடு, கண்ணாடி தவறாக அமைக்கப்பட்டதைக் குறிக்கும் ‘பொருத்தப்பிழை’ என்ற சொல்லையும் தனியே வரையறுக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். எனக்கு ஒருமுறை புதுக் கண்ணாடியால் மூன்று வாரம் தலைவலி நீங்கவில்லை. கேட்டபோதெல்லாம் “பழகிவிடும்” என்ற விடையே வந்தது. பிறகு வேறோரிடத்தில் அளந்தபோது, லென்சின் மையங்கள் என் கண்மணிகளுக்கு நேரே அமையாமல் 4 மில்லிமீட்டர் விலகியிருந்தது தெரிந்தது. பிழையான கண்ணாடிக்கும் பழகிக்கொள்ளச் சொல்வதற்கு நம் சொல் சாக்காகிவிடக் கூடாது.

எஞ்சுவது, மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறும், ‘புரோகிரசிவ்’ எனப்படும் லென்சுகளின் சிக்கல். அவற்றை ‘முற்போக்கு லென்ஸ்’ என்று பெயர்த்தால் கண்ணாடியும் கட்சி சேர்ந்துவிடும். ‘படிமாறு லென்ஸ்’ என்பது என் பரிந்துரை. அவற்றின் பக்கவாட்டில் காட்சி நெளிந்து நீந்துவதை ‘மிதப்பு’ எனலாம் என்றால், அச்சொல்லுக்குச் செருக்கு என்ற பொருள் பேச்சில் ஏறிவிட்டது. ‘காட்சி நெளிவு’ எனக்கு ஓரளவு நிறைவளிக்கிறது. கண் மருத்துவம் பயின்ற உறுப்பினர்கள், “படிமாறு லென்சு அணிபவருக்குப் பழகுநாள்களில் காட்சி நெளிவு தோன்றலாம், இரண்டு வாரத்திலும் தணியாவிடில் பொருத்தப்பிழை உண்டா எனச் சோதித்த பின்னரே பழகாமை என முடிவு செய்க” என்னும் வரியை நோயாளிக்கான குறிப்பில் அச்சிட மனம் ஒப்புவார்களா என்று சொல்ல வேண்டுகிறேன்.