'நினைவகப் பயிற்சி' வேண்டாம், 'நினைவக இசைவிப்பு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கணினிச் சொற்பட்டியலில் 'மெமரி டிரெயினிங்' என்பதற்கு 'நினைவகப் பயிற்சி' என்று இருப்பதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் வரை எனக்கும் அதில் குறை தெரியவில்லை. புதிதாக ஒரு மேசைக் கணினியை நானே பூட்டிய பிறகுதான் உறைத்தது.

முதல்முறை மின்சாரம் கொடுத்ததும் விசிறிகள் சுழன்றன. திரை இருண்டே கிடந்தது. தாய்ப்பலகையின் ஓரத்தில் நினைவகத்துக்கான சிறு விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது. அரை நிமிடம் பொறுத்துவிட்டு அணைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். ராம் பட்டைகளைக் கழற்றி, இரு முனையும் 'டக்' என்று இறங்கும்வரை அழுத்திப் பொருத்தினேன். செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது செருகுவாய்களில்தான் இருக்கின்றனவா என்று கைவிளக்கு பிடித்துப் பார்த்தேன். எல்லாம் சரி, ஆனால் அதே மஞ்சள் விளக்கு. பிறகு கையேட்டைப் புரட்டினேன். முதல் துவக்கத்தில் நினைவகத்துக்கு இந்த வேலை நடக்கும், சில நிமிடங்கள் ஆகலாம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஐந்தாம் நிமிடம் திரை ஒளிர்ந்தது. எதுவும் பழுதாகவில்லை. ஒவ்வொரு முறை அணைத்தபோதும் அந்த வேலையைப் பாதியில் அறுத்து, முதலிலிருந்து தொடங்க வைத்தது நான்தான்.

அது என்ன வேலை என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். டிடிஆர்3 என்ற நினைவகத் தலைமுறையின் காலம் முதல், கடிகாரத் துடிப்பும் கட்டளையும் பட்டையிலுள்ள சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்கின்றன. ஆகவே முதல் சில்லுக்கும் கடைசிச் சில்லுக்கும் அவை ஒரே கணத்தில் போய்ச் சேர்வதில்லை. தரவுக் கம்பிகளோ ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி. டிடிஆர்5 நினைவகம் 6000 வேகத்தில், அதாவது ஒரு கம்பியில் நொடிக்கு 600 கோடி பிட் என்று ஓடும்போது, ஒரு பிட்டின் ஆயுள் ஏறத்தாழ 167 பிக்கோநொடி (ஒரு பிக்கோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). வெற்றிடத்தில் ஒளியே அதற்குள் 5 சென்டிமீட்டர்தான் கடக்கும். அந்த இடுக்குக்குள் எந்தக் கணத்தில் படிப்பது, எழுதுவது என்று செயலியிலுள்ள கட்டுப்படுத்தி தேடுகிறது. தெரிந்த ஒரு வடிவத்தை எழுதிப் படித்துப் பார்க்கிறது. தாமதத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, இந்தப் பக்கம் எங்கே பிழைக்கிறது, அந்தப் பக்கம் எங்கே பிழைக்கிறது என்று கண்டு, நடுவில் நிலைகொள்கிறது. வந்தது 0 அல்லது 1 என்று பிரித்தறிய உதவும் ஒப்பீட்டு மின்னழுத்தத்தையும் இப்படியே தேடிப் பிடிக்கிறது. பட்டையை மாற்றினாலும், பயாஸில் (தாய்ப்பலகையின் துவக்க மென்பொருளில்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற, பட்டையிலேயே பதிந்துள்ள வேக அமைப்பை இயக்கி வேகத்தைக் கூட்டினாலும் மீண்டும் தேடல்தான்.

இதில் பயிற்சி எங்கே இருக்கிறது? செய்யச் செய்யத் திறன் கூடுவதே பயிற்சி. இங்கே எதுவும் கூடுவதில்லை. இரு தரப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் 'பயிற்சி' என்ற சொல்லை நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முன்மடலில் மாற்றுச் சொல்லாக வந்த 'அளவுதிருத்தம்' (கேலிபரேஷன்) பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் அது, வெளியே ஒரு நிலையான அளவு இருந்து அதற்குக் கருவியைச் சரிசெய்வது. 'ஒத்திசைவு' என்ற சொல் கோப்புகளை 'சிங்க்' செய்வதற்குப் போய்விட்டது. எனக்கு முதலில் 'பண்ணல்' நினைவுக்கு வந்தது. பாடவிருக்கும் பண்ணுக்கு ஏற்ப யாழின் நரம்புகளை முறுக்கி அமைப்பதற்கான பழைய சொல் அது. நடக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை இல்லை. ஆனால் இன்றைய வாசகர் அதைச் 'செய்தல்' என்றே படிப்பார். மனமில்லாமல்தான் கைவிட்டேன்.

'இசைவிப்பு' அந்த உவமையையும் காப்பாற்றுகிறது, வினையாகவும் வளைகிறது. 'நினைவகம் இசைவிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்று திரையில் எழுதிப் பாருங்கள். 'இசைவு' என்றால் சம்மதம் அல்லவா என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் 'இசைவி' பிறவினை. ஒன்றை மற்றொன்றோடு இசையச் செய்வது. முன்னால் 'நினைவக' என்று நிற்கும்போது யாரும் சம்மதக் கடிதத்தை நினைக்க மாட்டார்கள்.

பழுது பார்ப்பவருக்கும் இது உதவும். மறுநாள் 6000 வேகத்துக்கு ஏற்றினேன். கணினி ஒழுங்காகத் துவங்கியது, ஆனால் மெம்டெஸ்ட்86+ என்ற நினைவகச் சோதனை நிரல் ஒரு மணி நேரத்தில் மூன்று பிழைகளைக் காட்டியது. 4800க்கு இறக்கியதும் இரவு முழுக்க ஒரு பிழையும் இல்லை. திரையே வராமல் நிற்பது இசைவிப்புத் தோல்வி. இதுவோ, இசைவிப்பு முடிந்தும், இரு பக்கப் பிழைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகலாக இருப்பது. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏற்கக் கூடாது. நாம் சேமிக்கும் கோப்பில் அது சத்தமில்லாமல் நுழைந்துவிடும். இரண்டையும் 'ராம் பிரச்சினை' என்று ஒரே பெயரால் அழைப்பதால்தான் நல்ல பட்டைகள் கடைக்குத் திரும்பிப் போகின்றன.

இன்னொன்று பாக்கி. கண்டுபிடித்த மதிப்புகளைச் சேமித்துவைத்து, அடுத்த துவக்கத்தில் தேடலைத் தவிர்க்கும் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர்' என்ற அமைப்பு பயாஸில் உண்டு. அதற்கு 'இசைவிப்பு மீட்பு' என்று எழுதிவைத்திருக்கிறேன். 'மீட்பு' என்றதும் அழிந்த தரவை மீட்பது நினைவுக்கு வருவதால் எனக்கே நிறைவில்லை. 'இசைவிப்புத் தக்கவைப்பு' நீளமாக இருக்கிறதா, சொல்லுங்கள்.