மாகாண சபை இல்லாத கிழக்கில் ஆளுநரின் அதிகாரம் எதுவரை செல்லும்?

கேள்வி (செங்கலடி)

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தது. அன்றுமுதல் ஆளுநரும் பிரதம செயலாளரும் திணைக்களத் தலைவர்களுமே மாகாணத்தை நடத்தி வருகின்றனர். பாடசாலைகள் இயங்குகின்றன, ஆசிரியர்களுக்குச் சம்பளமும் கிடைக்கிறது. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைப் பிரச்சினையில் பண்ணையாளர்கள் எங்கே முறையிட்டாலும் காணி மத்திய அரசின் மகாவலி அபிவிருத்தித் திட்டத்துக்குரியது என்ற ஒரே பதிலே கிடைக்கிறது. சபை இருந்திருந்தால் சட்டப்படி ஏதேனும் மாறியிருக்குமா? அல்லது நாம் இழந்தது உறுப்பினர்களின் வாகனங்களை மட்டும்தானா?

பதில் (சட்டத்தரணி, கல்முனை)

நிறைவேற்று அதிகாரத்தைப் பொறுத்தவரை நிர்வாகம் நின்றுவிடவில்லை. அரசியலமைப்பின் 154இ உறுப்புரை அதை ஆளுநரிடமே வைத்துள்ளது. மாகாண அமைச்சர் வாரியம் இல்லாதபோது அவர் தமக்குக் கீழுள்ள அலுவலர்கள் வழியாக அதைச் செலுத்துகிறார். ஆனால் நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், ஆக்கும் அதிகாரம் சபைக்கு மட்டுமே உரியது. ஆளுநர் சம்மதம் வழங்கலாமேயன்றி, தாமாக ஒன்றை ஆக்க முடியாது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. மாகாண சபை நிரலில், அதாவது மாகாணங்களுக்கென அரசியலமைப்பு ஒதுக்கிய விடயப் பட்டியலில், உள்ள விடயம் பற்றிப் பாராளுமன்றம் சட்டம் இயற்ற முனைந்தால், அச்சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபையின் கருத்துக்கும் அனுப்ப வேண்டும். ஒரு சபையேனும் இணங்காவிடில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. 2012இல் சமுர்த்தி போன்ற வாழ்வாதாரத் திட்டங்களை ஒரே மத்திய திணைக்களத்தின் கீழ் கொண்டுவரும் திவிநெகும சட்டமூலம் வந்தபோது வடக்கில் சபை இருக்கவில்லை. அங்கு சபைக்குப் பதிலாக ஆளுநர் கருத்துக் கூற முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இறுதியில் 2013 ஜனவரியில் அது மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடனேயே நிறைவேறியது. அத்தீர்மானத்தை வழங்கிய அமர்வுக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசர் அதே மாதத்தில் பதவி நீக்கப்பட்டதையும் மறக்க முடியாது.

பதில் (ஓய்வுபெற்ற மாகாண அலுவலர், மட்டக்களப்பு)

செங்கலடி நண்பருக்கு: மேய்ச்சற்றரை விடயத்தில் சபையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்க வேண்டாம். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையின்படி கால்நடை வளர்ப்பு மாகாண விடயம்; ஆகவே பட்டிக்குச் சென்று தடுப்பூசி போடுபவர் மாகாணத் திணைக்களத்தின் கால்நடை வைத்தியர். அதே மாடு மேயும் நிலமோ மகாவலித் திட்டப் பகுதி, கொழும்பின் கையில் உள்ளது. மாடு மாகாணத்துக்கும் புல் மத்திக்கும் என்று பங்கிட்டு வைத்த ஏற்பாடு இது. பெரும்போகத்தில் வயல் விதைத்ததும் மாடுகளை வேறெங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு இந்தப் பங்கீட்டில் பதில் இல்லை. ஆயினும் சபை இருந்த காலத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால், அதிகாரி கோப்போடு வந்து விளக்கமளிக்க வேண்டியிருந்தது. இப்போது எங்கள் கோப்பை ஆளுநரைத் தவிர எவரும் கேட்பதில்லை. அவரையும் ஜனாதிபதியே நியமிக்கிறார், ஜனாதிபதியே மாற்றுகிறார்.

பதில் (ஆசிரியை, சம்மாந்துறை)

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்பதை எவரும் தொடவில்லையே. பெண் வேட்பாளர் பங்கை உயர்த்துவதற்கென வந்த சட்டமூலத்துக்குள், பாராளுமன்றக் குழுநிலை விவாதத்தில், தொகுதி முறையும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்புத் தேர்தல் முறை நுழைக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமாயிற்று. பாதிப் பேர் தொகுதி வாரியாகத் தெரிவாவதற்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் ஊர் ஊராகக் கலந்து வாழும் அம்பாறையில் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே பிரதிநிதித்துவத்தைத் தீர்மானித்துவிடும். 37 உறுப்பினர்களில் 14 பேரை எங்கள் மாவட்டம் தெரிவு செய்த பழைய விகிதாசார முறைக்கே திரும்புவது நியாயம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

ஆசிரியை அவர்களின் வாதம் எனக்கும் ஏற்புடையதே. பழைய முறையிலேயே தேர்தலை நடத்துமாறு நீதிமன்றம் கட்டளையிட முடியாதா, ஐயா? உள்ளூராட்சித் தேர்தல் விடயத்தில் மக்கள் வழக்காடித்தானே வென்றார்கள்?

பதில் (சட்டத்தரணி, கல்முனை)

இரண்டும் வேறு. 2023இல் உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சட்டமும் வேட்புமனுவும் ஆயத்தமாக இருந்தன. பணம் இல்லையென்று அது நிறுத்தப்பட்டது. ஆகவேதான் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்து, 2025 மே மாதம் தேர்தலும் நடந்தது. மாகாண சபைக்கோ பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. பழைய சட்டத்தின் கீழ் தேர்தல் நடத்த இயலாதென 2019இல் ஜனாதிபதி கேட்டபோதே உயர் நீதிமன்றம் கருத்துரைத்துவிட்டது. பாராளுமன்றம் திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றுவதே நேரான வழி. அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. நமது மாவட்டப் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.