2 வயதுப் பிள்ளையோடு வாணவேடிக்கை பார்க்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2. தீபாவளிக்கு வாணவேடிக்கை காட்டுவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டேன், தினமும் நச்சரிக்கிறாள். சின்னவனுக்கோ குக்கர் விசில் அடித்தாலே என் தோளில் முகம் புதைந்துவிடும். போன வருடம் கூட்டத்தின் நடுவே முதல் வெடிக்கே அலறினான், பாதியில் திரும்பினோம்.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் வெளிச்சம் தெரிந்து மூன்று நொடி கழித்துத்தான் சத்தம், அதுவும் தேய்ந்து வரும். அப்படிக் காரில் இருந்தபடியே பார்க்க இந்தப் பக்கம் மேடான இடம் உண்டா? காதுமூடி மாட்டினால் 2 வயதுப் பிள்ளை பிடுங்கி எறியாமல் இருக்குமா? கம்பி மத்தாப்பு கையில் கொடுக்க மாட்டேன், 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூடச் சுடும். (மாமியார் இதற்குக் கோபித்துக்கொள்கிறார், அது வேறு கதை.) அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.